சனிக்கிழமை வராத கதைகள்

"சார், இந்தக் கதையில கம்பெனி வருதுங்க. ஆனா சனிக்கிழமை வரவே இல்லீங்களே, ஏனுங்க?"

இப்படிக் கேட்டவள் திறனாய்வாளர் அல்லள். பட்டம் பெற்றவளும் அல்லள். அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில், செக்கிங் மேசை முன் நின்றபடியே நாளைக் கழிக்கும் பத்தொன்பது வயதுப் பெண். நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த முதலாண்டில் பத்தாம் வகுப்பில் நம்மிடம் தமிழ் படித்தவள். ஞாயிறுதோறும் நம் வீட்டுத் திண்ணைக்கு வருவாள். படித்த புத்தகத்தை வைப்பாள். படிக்காத ஒன்றை எடுத்துச் செல்வாள். பெரும்பாலும் மாத நாவல்கள். வைக்கும்போது ஒரு சொல், எடுக்கும்போது ஒரு சிரிப்பு, அவ்வளவே பேச்சு. அன்று மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். நின்று கேட்டாள் இந்தக் கேள்வியை.

நாம் விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. கல்லூரியில் மூன்றாண்டு இலக்கியம் பயின்றோம். கதைக்கோப்பு என்றனர், பாத்திரப் படைப்பு என்றனர், உத்தி என்றனர், உரைநடை என்றனர். நாவலை அளக்க இத்தனை கோல்களைக் கையில் கொடுத்தனர். 'சனிக்கிழமை வருகிறதா?' என்னும் கோலை எந்தப் பேராசிரியரும் தரவில்லை. அதைத் தந்தவள் செக்கிங் பெண்!

வெளியூர் அன்பர்களுக்குச் சனிக்கிழமையை விளக்கியாக வேண்டும்.

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ளது அருள்புரம். பின்னல் துணியும் சாயமும் தையலும் ஊரைச் சூழ்ந்திருக்கும். இங்கே பெரும்பாலான கம்பெனிகளில் கூலி வாரக் கூலி. அது கைக்கு வரும் நாள் சனிக்கிழமை. தைத்த பீஸ் எத்தனை என்று டைலர் தன் நோட்டில் குறித்து வைத்த கணக்கும், காண்ட்ராக்டர் நோட்டில் உள்ள கணக்கும் ஒன்றையொன்று முகம் பார்க்கும் வேளை அந்த மாலை. நான்கு நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவளுக்கு மூன்று நாள் என்று எழுதியிருக்கும்; மூன்றா நான்கா என்று வாய்ப்போர் நடக்கும். தீபாவளிக்கு வாங்கிய அட்வான்சில் இந்த வாரம் எவ்வளவு பிடிப்பது என்று பேரம் நடக்கும். மளிகைக் கடையில் பாக்கி நோட்டு விரிந்து காத்திருக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் தாய்க்குப் பணம் அனுப்பக் கைப்பேசியும் கையுமாய் நிற்பார்கள். கணவன் கையில் கூலி விழுந்தால் அது மதுக்கடையில் கரையும் என்பதறிந்த மனைவி, அவனுக்கு முன்பே கம்பெனி வாயிலுக்கு வந்து ஓரமாய் நிற்பாள். பிறர் பாராதபடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். புதுச் சுடிதார் எடுப்பதும் அன்றுதான். அந்தச் சுடிதாரை யாருக்காக எடுத்தாள் என்று தோழியர் கேலி பேசுவதும் அன்றுதான். ஒரு வாரத்து வாழ்வு முழுவதும் ஒரு மாலையில் வரவும் செலவுமாய் எழுதப்பட்டுவிடுகிறது.

நாடகத்துக்கு வேறென்ன வேண்டும்? சூழ்ச்சி இருக்கிறது, ஏமாற்றம் இருக்கிறது, காதல் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. இத்தனையும் வாரந்தவறாமல் நடக்கும் ஊரின் பெயரைச் சொல்லி எழுதப்படும் கதையில் அந்த நாள் ஏன் வருவதில்லை? பெண்ணின் கேள்வி எளியதாய்த் தோன்றினும் எளியதன்று.

அவள் திருப்பிக் கொடுத்த நாவலைப் புரட்டினோம். அதன் பெயர் வேண்டா. பெயர் மாறினும் பொருள் மாறாத இனம் அது. கதாநாயகன் இருபத்தெட்டு வயதுத் தொழிலதிபன். ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்கிறானாம். சினம் மிக்கவன், சிரிக்காதவன், சிறு வயதில் ஒரு பெண்ணால் வஞ்சிக்கப்பட்ட தந்தையின் மகன். ஆகவே பெண்குலத்தையே வெறுப்பவன். கதாநாயகி ஏழை, தங்கையின் படிப்புக்காக அவனிடம் வேலைக்கு வருகிறாள். முதல் நாளே அவன் கத்துகிறான். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். பிறகு நடப்பதைப் படிப்போர் நாம் சொல்லாமலே அறிவர். ஒப்பந்தத் திருமணம், ஊட்டிப் பயணம், மழை, காய்ச்சல், கஷாயம், கண்ணீர், முடிவில் மூன்று முடிச்சு.

அந்த நாயகனின் நிறுவனத்தில் என்ன தைக்கிறார்கள்? ஆண்கள் பனியனா, குழந்தை உடையா? எத்தனை பேர் தைக்கிறார்கள்? துணி எங்கிருந்து வருகிறது? சாயம் எங்கே ஏறுகிறது? ஒன்றும் இல்லை. 'ஃபைலில் கையெழுத்திட்டான்' என்று ஓரிடம். 'மீட்டிங் முடிந்து வந்தான்' என்று மற்றோரிடம். ஒரு சோதனை செய்து பார்த்தோம்: 'ஆயத்த ஆடை' என்ற சொற்களை அடித்துவிட்டுத் 'தேயிலை' என்று எழுதினோம். வேறு ஒரு வரியைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை! ஆலை அதிபர் தோட்ட அதிபராகிவிட்டார், காய்ச்சல் அப்படியே இருந்தது, கஷாயமும் ஆறவில்லை.

ஒரு நூலைக் கொண்டு ஓர் இனத்தையே தூற்றுதல் முறையாகாது என்பதால், சென்ற கோடை விடுமுறையில் ஒரு கட்டு நாவல்களை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். குடும்பக் கதை, காதல் கதை, துப்பறியும் கதை எல்லாம் அதில் உண்டு. எங்கேனும் ஒருவர் உழைப்பது எழுதப்பட்டிருந்தால் ஓரத்தில் பென்சிலால் கோடிடுவது என்று முடிவு செய்தோம். அலுவலகத்தில் 'இருப்பது' கணக்கில் வராது. கை வேலை செய்ய வேண்டும், அந்த வேலை இன்னதென்று நமக்குத் தெரிய வேண்டும். விடுமுறை முடிந்தது. பென்சிலைச் சீவ வேண்டிய தேவையே எழவில்லை. கோடு விழுந்த இடங்களிற் பெரும்பாலானவை சமையலறையில் விழுந்தன. காப்பி கலப்பதை மட்டும் நம் நாவலாசிரியர்கள் பிழையின்றி அறிந்திருக்கிறார்கள்.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறோம். மாத நாவல் படிப்போரை எள்ளி நகையாடும் கூட்டத்தில் நாம் இல்லை. அந்தக் கூட்டத்தைக் கல்லூரியில் கண்டிருக்கிறோம். 'குப்பை' என்பார்கள்; குப்பை எது என்று கேட்டால் படித்ததில்லை என்பார்கள். நாம் படித்திருக்கிறோம். நம் தாய் ஓவர்லாக் தைத்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றவர். அவருக்கு எழுத்து மறந்துபோகாமல் காத்தது பாடநூலன்று, பெட்டிக்கடையில் க்ளிப் மாட்டித் தொங்கிய நாவல்தான். 1969-இல் தொடங்கிய ராணிமுத்து மலிவு விலையில் முழு நாவலை வீட்டுக்குள் கொண்டுவந்தது சிறு தொண்டா? பாக்கெட் நாவலும் கிரைம் நாவலும் மாலைமதியும் பேருந்து நிலையத்தையே படிப்பகமாக்கவில்லையா? பக்கத்துக் கோவையிலிருந்து எழுதும் ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். அவருடைய முதல் பக்கத்தைத் திறந்துவிட்டு மூடி வைத்தவரை நாம் கண்டதில்லை. நாமும் தேர்வு நாளன்று பாடநூலுக்கு நடுவே வைத்துப் படித்து அடி வாங்கியவரே. ரமணிசந்திரன் நாவலைக் கேட்டுக் கிளை நூலகத்தில் முன்பதிவு செய்து காத்திருந்த பெண்களையும் அறிவோம். படிக்கத் தூண்டும் ஆற்றல் எளிதில் கைவருவதன்று. கல்லூரித் தமிழ்த்துறைகள் நூறாண்டில் செய்யாததை இந்தத் தாள்கள் செய்தன.

2008-ஆம் ஆண்டில் சென்னைப் பதிப்பகம் ஒன்று இத்தகைய கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தொகுத்து வெளியிட்டது. அதன் பின்னர் ஆங்கிலம் படித்தோரும் அட்டைப் படங்களைக் கண்டு வியந்தனர். துப்பாக்கி ஏந்திய நங்கையைச் சுவரில் மாட்டவும் விரும்பினர். நேற்று வரை குப்பை, இன்று கலைப்பொருள்! இரண்டு வேளையிலும் அதைப் படித்த தையற்காரியை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை என்பதே நம் வருத்தம்.

நம் ஏமாற்றம் படிப்போர்மீது எழுந்ததன்று. இத்தனை பேரைத் தன்பால் ஈர்க்கும் ஆற்றல் கொண்ட எழுத்து, அந்த ஆற்றலைக் கொண்டு என்ன செய்தது என்பதே கேள்வி. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. உள்ளே விருந்து எங்கே?

இதற்குப் பதிப்பாளர் தரும் விடை நெடுநாளைய விடை. 'மக்கள் விரும்புவதைத் தருகிறோம். நாளெல்லாம் உழைத்து வருபவள் கதையிலும் உழைப்பையா படிப்பாள்? மறக்கத்தானே படிக்கிறாள்?' என்பர். கேட்பதற்கு இரக்கம் போலத் தோன்றும். ஆனால், கம்பெனியை மறக்க வேண்டுமென்றால் கதையில் கம்பெனி எதற்கு? முதலாளி எதற்கு? அரண்மனை வைத்து எழுதலாமே! அரண்மனைக் கதைகளை அவள் படிக்காமலா இருக்கிறாள்? கம்பெனியை வைக்கிறீர்கள், அதன் அதிபரை வைக்கிறீர்கள், அவர் காரின் நிறத்தைக்கூட எழுதுகிறீர்கள். அந்தக் காரை வாங்கிய பணம் தைக்கப்பட்ட மேசையை மட்டும் காணோம். மறக்கச் செய்வதற்கும் மறைப்பதற்கும் வேறுபாடு உண்டு.

(அரண்மனை என்றதும் நம் பக்கத்துப் பேனாக்களும் நினைவுக்கு வருகின்றன. 'ரங்கோன் ராதா'வை எழுதிய அதே அண்ணாதான் 'கலிங்கராணி'யையும் எழுதினார். கலைஞர் 'ரோமாபுரிப் பாண்டிய'னைத் தீட்டினார். அரசியரையும் படைத்தலைவரையும் விடுத்து ஆலைக்குள் நுழைய நம்மவர்க்கும் நேரம் போதவில்லை என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்வோம்.)

தொடர்கதையில் உழைப்பை எழுத முடியாதா? எழுதினால் விற்காதா? இங்கிலாந்து வரை சென்று வருவோம். அங்கிருந்துதானே நம் மர்ம நாவல் கப்பலேறி வந்தது. ரெயினால்ட்ஸ் என்பவர் 1844 முதல் லண்டன் மர்மங்களைக் கிழமைதோறும் ஒரு பென்னி விலையில் எழுதினார். ஏழைகள் வாங்கிப் படித்தனர். தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் போன்றோர் அவர் நாவல்களைத் தழுவி எழுதிப் புகழ் பெற்றனர். ஆனால் ரெயினால்ட்ஸ் மர்மக்காரர் மட்டுமல்லர். வாக்குரிமை கேட்டுப் பாட்டாளிகள் நடத்திய சாசன இயக்கத்தில் 1848-இல் சேர்ந்து மேடையேறியவர். 1850-இல் பாட்டாளிகள் படிக்கும் செய்தித்தாள் தொடங்கியவர். தமிழுக்கு வந்தபோது அவருடைய இரகசிய அறைகள் வந்தன, முகமூடிகள் வந்தன, மாறுவேடங்கள் வந்தன. பிரபுக்கள்மீது அவர் கொண்ட சினமும் அதே அளவுக்குக் கரை இறங்கியதா? மாத நாவலில் இன்றும் மாறுவேடம் இருக்கிறது. சினத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

டிக்கன்சை எடுத்துக்கொள்வோம். பிரஸ்டன் நகரப் பஞ்சாலைகளில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த 1854 சனவரியில் அவர் அங்கே நேரில் சென்று பார்த்தார். அதே ஆண்டில் தம் வார இதழிலேயே 'கடினமான காலம்' என்னும் நாவலைத் தொடராக எழுதினார். கரிப்புகை மூடிய ஆலை நகரம் அதில் உண்டு. நெசவாலைத் தொழிலாளி உண்டு. பிள்ளைகளை எண்களாகக் காணும் பள்ளியும் உண்டு. தொழிற்சங்கப் பேச்சாளரை அவர் கேலிச் சித்திரமாகத் தீட்டியது நமக்கு உடன்பாடன்று. எனினும் சென்று பார்த்தாரா இல்லையா? பார்த்ததைக் கிழமைதோறும் எழுதி விற்றாரா இல்லையா? மக்கள் வாங்கிப் படித்தனரா இல்லையா? அந்த நாளில் அந்நாட்டின் புகழ்மிக்க தொடர்கதை ஆசிரியர் அவரே.

திருப்பூரில் பார்க்க ஒன்றுமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1984-இல் பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். நூற்று இருபத்தேழு நாள்! அடுப்பு எப்படி எரிந்தது? தாலிக்கொடி எந்த அடகுக்கடைக்குப் போனது? அண்ணன் சங்கத்திலும் தம்பி முதலாளி வீட்டிலும் நின்றபோது தாய் யார் பக்கம் நின்றாள்? இதைவிடத் திருப்பங்கள் நிறைந்த கதைக்கருவை எந்தத் துப்பறியும் மன்னர் கற்பனையில் கண்டுபிடித்தார்? 2011 சனவரி 28 அன்று உயர்நீதிமன்றம், கழிவுநீரை முற்றாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே மூச்சில் நின்றன. ஆற்றை இழந்த உழவர் ஒருபுறம், வேலையை இழந்த சாயத் தொழிலாளி மறுபுறம். இருவர் கையிலும் நியாயம். நியாயமும் நியாயமும் மோதுவதுதானே நாவலின் உயிர் என்று வகுப்பில் பாடம் கேட்டோம்! நம் கட்டிலிருந்த நாவல்களில் இவை இரண்டையும் தேடினோம். சாயம் வந்தது, உதட்டுச் சாயம்.

கடல் கடந்தோர்க்கு இந்த ஊரில் கதை தென்பட்டது. ஷரத் சாரி என்னும் ஆய்வாளர், நேற்று வரை ஏர் பிடித்த குடியானவர் எப்படிப் பனியன் முதலாளிகளாயினர் என்று ஆராய்ந்து 2004-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார். 'எங்கள் உழைப்பு' என்று முதலாளிகள் எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்பதையே அவர் துருவித் துருவிப் பார்த்தார். நம் தொடர்கதையின் தொழிலதிபனுக்கோ உழைப்பு என்ற சொல்லே வாயில் வருவதில்லை. பிறக்கும்போதே அதிபனாகப் பிறந்துவிடுகிறான்.

இதுவரை எழுதியது மனத்தாங்கல். இனி எழுதப் போவது மனத்தைச் சுட்டது.

அந்தப் பெண்ணுக்கு ஓர் அக்காள். பதினைந்து வயதில் ஒரு நூற்பாலைக்கு அனுப்பப்பட்டாள்; ஆலையின் பெயரும் ஊரும் இங்கே வேண்டா. மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும், முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அது திருமணத்துக்கு. கொங்கு வட்டாரத்திலும் திண்டுக்கல் பக்கத்திலும் இந்த ஏற்பாடு பரவியிருந்ததை நாடறியும். 2011-இல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் அறிக்கை வெளியிட்ட பின்னர் உலகமும் அறிந்தது. அதற்கு வழங்கிய பெயர்களைப் பாருங்கள்: சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம்! நூல் நூற்கும் வேலைக்கு நூற்பாலையின் பெயர் இல்லை, தாலியின் பெயர். கூலியைக் கூலி என்று சொன்னால் வாராவாரம் கேட்பாளே! தாலி என்று சொன்னால் மூன்றாண்டு காத்திருப்பாள்.

அக்காள் மூன்றாண்டு முடிக்கவில்லை. முடிய நான்கு மாதம் இருக்கையில் உடல்நலமில்லை என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். மொத்தத் தொகை இல்லையென்றாயிற்றாம். இதைத் தங்கை சொன்ன விதத்தில் அழுகை இல்லை. செக்கிங்கில் ஓட்டை விழுந்த பனியனை ஒதுக்கி வைப்பது போல ஒதுக்கி வைத்துச் சொன்னாள். அதன்பின் அவள் சொன்னதுதான் நம்மை உறங்கவிடவில்லை.

"அக்கா இருந்த ஹாஸ்டல்ல போன் வெச்சுக்கக் கூடாதுங்க சார். கதைப் புக்கு வெச்சுக்கலாங்க. அக்கா அங்கதானுங்க படிக்கப் பழகுச்சு. எனக்கும் அதுதான் பழக்கி விட்டுச்சு."

கைப்பேசி கூடாது, கதை கூடும். ஏன் கூடும்? ஆலையின் அறிவிப்பில் உள்ள வாக்குறுதியும் கதையின் கடைசி அத்தியாயமும் ஒன்றேயல்லவா? பொறுத்திரு, பணிந்திரு, அழுதிரு, முடிவில் தாலி வரும்! கதாநாயகி நூற்றெழுபது பக்கம் பொறுத்தாள். அக்காள் ஆயிரம் நாள் பொறுத்தாள். கதாநாயகிக்கு நூற்றெழுபத்தொன்றாம் பக்கத்தில் முதலாளி கை கொடுத்தான். அக்காளுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்தனர்.

நாவலாசிரியர் ஆலைக்காரரோடு கூடிப் பேசி எழுதினார் என்று சொல்ல வரவில்லை. அவ்வளவு சிறுமை நமக்கில்லை. அவர் பாவம், தம் மேசையிலிருந்து எழுந்து பார்க்கவில்லை, அவ்வளவே. ஆனால் பாராமல் எழுதிய கதை யாருக்குப் பயன்பட்டது என்பதை அவர் அறிய வேண்டாமா? விடுதித் தலையணைக்கடியில் இருந்த தம் நூலை அவர் ஒருமுறை சென்று எடுத்துப் பார்த்திருந்தால், அடுத்த நாவலின் ஆலை அதிபர் இத்தனை அழகாகச் சினங்கொண்டிருப்பாரா?

எழுந்து சென்று பார்த்தவர் நம்மிடையே இல்லாமலில்லை. உப்பளத் தொழிலாளரை எழுத ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி அளங்களுக்குச் சென்றார். 1979-இல் 'கரிப்பு மணிகள்' வந்தது. இதழ்களில் தொடர் எழுதிய, பெண்கள் விரும்பிப் படித்த எழுத்தாளரே அவரும். ரகுநாதன் 1953-இல் 'பஞ்சும் பசியும்' எழுதிக் கைத்தறி நெசவாளர் வயிற்றை நாவலுக்குள் கொண்டுவந்தார். நம் ஊரிலேயே இருக்கும் சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை'யில் சாயம் ஏறிய ஆற்றைக் கண்டார். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' திருப்பூரோடு சேர்ந்து வளர்ந்த ஐந்து நண்பர்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் சொன்னது. இவை வந்திரா விட்டால் இந்த ஊர் தமிழில் எழுதப்படவே இல்லை என்றாகியிருக்கும்.

ஆகவே அந்தப் பெண்ணிடம் பெருமையோடு 'சாயத்திரை'யைக் கொடுத்தோம். ஒரு ஞாயிறு வந்தாள், புத்தகம் வரவில்லை. மறு ஞாயிறும் அப்படியே. மூன்றாம் ஞாயிறு கொண்டுவந்தாள். பாதியில் பேருந்துச் சீட்டு அடையாளமாகச் செருகியிருந்தது.

"நம்ம ஆறு அப்படியே வருதுங்க சார். படிக்கறப்ப அந்த நாத்தமே அடிக்குது. ஆனா ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வந்து ராத்திரி உக்காந்தா நாலு பக்கத்துக்கு மேல ஓடலீங்க. கண்ணு சொருகுது."

இது நூலின் குறையன்று, அவளுடைய குறையுமன்று. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களின் குறை. ஆயினும் இலக்கியவாதிகள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். உண்மையைக் கண்டவர், அதை அயர்ந்த கண்களும் விடாமல் படிக்கும்படி சொல்லும் கலையைத் தமக்குக் கீழானதென்று கருதினார். அந்தக் கலையைக் கற்றவரோ உண்மையை எட்டிப் பாராதிருந்தார். ஒருவர் நூல் நூற்றுக்கணக்கான ரூபாய் விலையில் புத்தகக் கண்காட்சியில் இருக்கிறது. மற்றவர் நூல் சில்லறைக் காசுக்குக் கம்பெனி வாசல்வரை வந்தது. பெட்டிக்கடையில் இப்போது க்ளிப்புகள் குறைந்துவிட்டன என்பதும் உண்மையே. மாத நாவல்களின் இடத்தில் கைப்பேசித் தொடர்கதைகள் வந்துவிட்டன. சாப்பாட்டு வேளையில் எட்டிப் பார்த்தோம். தாள் போயிற்று, திரை வந்தது. தொழிலதிபன் மட்டும் அதே சினத்தோடு, அதே காரோடு, திரைக்குள் குடியேறிவிட்டான்.

கைப்பேசியில் இப்போது எழுதுவோருள் பலர் பெண்கள், வீட்டிலிருந்தே எழுதுகிறவர்கள், படிப்போரின் மறுமொழியை அன்றே பெறுகிறவர்கள். அவர்களிடம் நமக்கு நம்பிக்கை உண்டு. பதிப்பாளரின் அச்சம் அவர்களைக் கட்டவில்லை; நூற்றெழுபது பக்க அளவும் கட்டவில்லை. அவர்களுள் ஒருவரேனும் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அருள்புரம் நிறுத்தத்தில் வந்து இறங்கட்டும். நோட்டும் பேனாவும் வேண்டா. எட்டரை வரை நின்றால் போதும். வாயில் ஓரமாய் நிற்கும் அந்த மனைவியின் பக்கத்தில் நிற்கட்டும். காதலைக் கைவிட வேண்டியதில்லை; கைமடி வேலை செய்யும் பெண்ணும் காதலிக்கிறாள், பிசிறு வெட்டும் பையனும் காதலிக்கிறான். அவர்கள் காதலில் வாரக் கூலி குறுக்கே வரும், வட்டி குறுக்கே வரும், சாதி கட்டாயம் வரும். அவ்வளவு இடையூறுகள் கிடைத்தால் எந்தத் தொடர்கதை ஆசிரியர்க்குத்தான் கசக்கும்?

சென்ற ஞாயிறு அவள் வந்தபோது, அலமாரியிலிருந்து ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மா'ளை எடுத்தோம். 1942-இல் வந்தது, மெலிந்த நூல், எழுதியவர் தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர், பேச்சு முழுவதும் அவள் வீட்டுப் பேச்சு. நாலு பக்கத்துக்கு மேல் ஓடும் என்று தோன்றியது. அவள் எடைபோடுவது போல் கையில் வைத்துப் பார்த்தாள்.

"கடைசியில கல்யாணம் வருங்களா சார்?"

"வராது. நாகம்மாள் புருசனை இழந்தவள். பங்கு கேட்கிறாள்."

"எதுலீங்க?"

"நிலத்துல. கொழுந்தன்கிட்ட."

அவள் அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

"குடுத்தாங்களா?"

படித்துவிட்டு வந்து சொல் என்றோம். எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். கூடவே ஒரு மாத நாவலையும் எடுத்துக்கொண்டாள்.